பூட்டிய வீட்டுக்குள் நாய் போடும் கூச்சல்! காரணம் குறும்பு அல்ல, பயம்!

(நமது நிருபர்)

சென்னை,-

காலை 8½ மணி. கணவர் டிபன் பாக்சைப் பையில் வைக்கிறார். மனைவி ஜன்னலைச் சாத்துகிறார். பூட்டு விழுகிறது. இருவரும் மின்சார ரெயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

தெருமுனையைக்கூட அவர்கள் தாண்டி இருக்கமாட்டார்கள். பூட்டிய வீட்டுக்குள் கூச்சல் ஆரம்பம்!

முதலில் முனகல். அடுத்தது குரைப்பு. அப்புறம் ஊளை. கதவைப் பிறாண்டும் சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்கிறது.

சாயந்திரம் வந்து திறந்தால் வீடு அலங்கோலம். செருப்பு துண்டு துண்டாகக் கிடக்கிறது. நிலைப்படி முழுவதும் நகக்கீறல். நடுக்கூடத்தில் மூத்திரம். வைத்துவிட்டுப் போன சோறு மட்டும் வைத்தபடியே இருக்கிறது.

எதிர் வீட்டுக்காரர் வாசலிலேயே காத்து நிற்கிறார். "ஏன் சார், நான் நைட் டூட்டி பார்த்துட்டு வந்து படுக்கிறவன். உங்க நாய் பகல் பூரா ஒப்பாரி வச்சா எப்படி சார் தூங்குறது?"

ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற கதை என்று நினைக்காதீர்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகளில் நாய் வளர்ப்பவர்கள் பலர் படும் பாடு இதுதான்.

அடுத்து என்ன? வீட்டுச் சொந்தக்காரர் வருவார். "நாயை அனுப்புங்க. இல்லாட்டி வீட்டைக் காலி பண்ணுங்க" என்பார். ஒருநாள் ராத்திரி அந்த நாய் ஆட்டோவில் ஏற்றப்பட்டு, ஊருக்கு வெளியே இறக்கிவிடப்படும். சோபாவில் படுத்துத் தூங்கிய நாய், மறுநாள் லாரிகளுக்கு நடுவே ஓடும்.

இதைத் தடுக்க முடியாதா? முடியும். ஆனால் முதலில் கேசை ஒழுங்காக விசாரிக்க வேண்டும்.

"பழி வாங்குது சார்!"

"விட்டுட்டுப் போனேன்னு பழி வாங்குது. திரும்பி வந்தா, தப்பு செஞ்சவன் மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது." நாய் வளர்ப்போர் பலரும் சொல்லும் புகார் இது.

அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னக்கூடாது என்று சொல்லி நாயின் முன்னால் தீனியை வைத்தார்கள். எஜமானர் வெளியே போனார். திரும்பி வந்தவரிடம், சில சமயம் உண்மைக்கு மாறாக, "உங்கள் நாய் தின்றுவிட்டது" என்று சொன்னார்கள்.

முடிவு என்ன தெரியுமா? தின்ற நாயா, தின்னாத நாயா என்பது முக்கியமாக இல்லை. திட்டு வாங்கிய நாய்தான் "திருட்டு முழி" முழித்தது! இந்த ஆராய்ச்சி 2009-ம் ஆண்டில் வெளிவந்தது.

ஆக, அந்த முகத்தைக் குற்ற ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "எஜமான் கோபமா இருக்கார், அடி விழப்போகுது" என்ற பயம்தான் அது.

அப்படியானால் பகலில் நடந்த அட்டகாசத்துக்குக் காரணம்? அதுவும் பயம்தான். நாய் கூடி வாழும் பிராணி. தீவுத்திடல் பொருட்காட்சிக் கூட்டத்தில் தாயின் கையை விட்டுவிட்ட குழந்தை எப்படிப் பதறும்? அதே பதற்றம்தான் பூட்டிய வீட்டில் இருக்கும் நாய்க்கும். "போனவங்க திரும்பி வருவாங்க" என்று அதற்குத் தெரியாது.

2020-ம் ஆண்டு மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தபோது எல்லாரும் வீட்டோடு இருந்தார்கள். அப்போது குட்டி வாங்கியவர்கள் உண்டு. அந்தக் குட்டிகள் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருந்து பழகவில்லை. ஆபீசு திறந்ததும் வந்தது வினை.

கண்கண்ட சாட்சி: செல்போன்

குரைக்கிற நாய் எல்லாம் பயந்த நாய் அல்ல. பொழுது போகாமல் குரைப்பது உண்டு. ஜன்னல் வழியே தெருநாயைப் பார்த்துக் குரைப்பதும் உண்டு. நீரடைப்பு, மூத்திரப்பை நோய், வயிற்றுக் கோளாறு இருந்தாலும் வீட்டுக்குள் அசிங்கம் செய்யும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய செல்போன் ஒன்றைக் கதவு தெரியும்படி வைத்துப் படம் பிடியுங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நீங்கள் போனதும் நாய் கொஞ்ச நேரம் தூங்கி, 2 மணி நேரம் கழித்துத் தலையணையைக் கிழித்தால், அது பெரும்பாலும் பொழுதுபோகாத கேஸ். காலையில் நல்ல நடை, கடித்து விளையாட ஒரு சாமான் கொடுத்தால் பாதி சரியாகும்.

நீங்கள் போன சில நிமிடங்களில், பெரும்பாலும் அரை மணிக்குள், நாய் மூச்சிரைத்து, எச்சில் ஒழுக, வாசல் கதவையே சுற்றிச் சுற்றி வந்து, தீனியைத் தொடாமல் ஊளையிட்டால், அது பயந்த கேஸ்.

அந்தப் படத்தோடு கால்நடை டாக்டரைப் பாருங்கள். சென்னை வேப்பேரியில் உள்ள, 1903-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. உடம்பில் நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் மனசுக்கு வைத்தியம்.

சாவிக்கொத்து போடும் பூகம்பம்

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் செய்த சோதனை பலருக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் ஒரு ஓசை கேட்டால், நாளடைவில் அந்த ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறும்.

உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. ஓசை என்பது உங்கள் சாவிக்கொத்து! சாவி சிணுங்கினால், ஷூவை மாட்டினால், பையைத் தோளில் போட்டால், "ஆச்சு, கிளம்பிட்டாங்க" என்று நாய்க்குத் தெரிந்துவிடுகிறது. பூட்டு விழும் முன்னாலேயே உடம்பு நடுங்கத் தொடங்குகிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். லீவு நாளில் சாவியை எடுங்கள். எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் காப்பி போடுங்கள். ஷூவை மாட்டிக்கொண்டு பேப்பர் படியுங்கள். பையைத் தோளில் மாட்டியபடி டி.வி. பாருங்கள். ஒரு நாளைக்குச் சில தடவை இப்படிச் செய்தால், "சாவி எடுத்தா போயிடுவார்" என்ற கணக்கு நாய்க்குக் குழம்பிப்போகும். நாளாக ஆக, சாவிச் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்காது.

5 வினாடியில் ஆரம்பம்

இனிதான் முக்கியமான வைத்தியம். நாய் பயப்படுவதற்கு முன்னால் திரும்பி வந்துவிட வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம்.

முதலில் கதவுப் பிடியைத் தொட்டுவிட்டு வந்து உட்காருங்கள். அடுத்து கதவைத் திறந்து மூடுங்கள். நாய் சும்மா இருந்தால், வெளியே போய் 5 வினாடியில் உள்ளே வாருங்கள். பிறகு 10 வினாடி. அடுத்து 3 வினாடி. அதற்கு அடுத்து 15 வினாடி.

ஒரே ஏறுமுகமாகப் போகக்கூடாது. ஏற்றியும் இறக்கியும் போனால்தான், "ஒவ்வொரு தடவையும் அதிக நேரம் ஆகுது" என்று நாய் கணக்குப் போடாது.

ஒரு நாளைக்குச் சில தடவை பழக்கினால் போதும். நாய் எழுந்து நின்று மூச்சிரைத்தாலோ, கதவருகே வந்து முனகினாலோ, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். மறுநாள் பாதி நேரத்தில் இருந்து மறுபடி தொடங்குங்கள்.

"இப்படியே போனா எட்டு மணி நேரத்துக்கு எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்கலாம். பயம் உச்சத்துக்கு ஏறுவது பெரும்பாலும் ஆரம்ப நேரத்தில்தான். அதனால் முதல் 40 நிமிடத்தை எட்டுவதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும். அதைத் தாண்டிவிட்டால் 5 நிமிடம், 10 நிமிடம், அப்புறம் கால் மணி என்று வேகமாக ஏற்றலாம். சில நாய்களுக்குச் சில வாரம். சில நாய்களுக்குப் பல மாதம். பொறுமைதான் பீஸ்.

போகும்போது தீனி வைக்கலாம். உள்ளே துளை உள்ள கெட்டி ரப்பர் பொம்மைகள் கடைகளில் கிடைக்கின்றன. அதில் உப்பு போடாத தயிர் சோறை அடைத்து வைத்தால், நக்கி நக்கித் தின்ன நேரம் பிடிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லெட் கூடவே கூடாது. அவை நாய்க்கு நஞ்சு. சமைத்த எலும்பும் வேண்டாம். பிளந்து தொண்டையில் குத்தும். தீனியைத் தொடவே இல்லை என்றால், நாய் இன்னும் பயத்தில் இருக்கிறது என்று அறியலாம்.

அதுவரை ஆபீசுக்குப் போவது எப்படி?

கஷ்டமான கேள்வி. காலையில் 10 வினாடி பழக்கிவிட்டு, பகலில் 9 மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால், பழக்கியது எல்லாம் வீண். ஒருநாள் பீதி, பத்து நாள் உழைப்பைத் தின்றுவிடும்.

அதனால் கொஞ்ச காலத்துக்கு யாராவது கூட இருக்க ஏற்பாடு செய்யுங்கள். ஊரில் இருந்து அம்மாவையோ அத்தையையோ அழைத்து வரலாம். கணவன்-மனைவி வெவ்வேறு ஷிப்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். எதிர் வீட்டு மாமி டி.வி. பார்க்கும்போது, அவர் காலடியில் நாய் படுத்துக் கிடக்கலாம். பல நாய்களுக்கு யாராவது ஒரு மனித வாடை இருந்தால் போதும்.

பால்கனியில் விட்டுப் பூட்டுவது மட்டும் ஆபத்து. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பதறிக் குரைக்கும் நாய் சித்திரை வெயிலில் சிக்கினால் உயிருக்கே மோசம். கம்பி வழியே குதித்துவிடும் அபாயமும் உண்டு.

அடி உதை வேண்டாம்

மாலையில் வந்து அடித்தால், காலையில் செய்ததற்குத்தான் அடி என்று நாய்க்குப் புரியாது. "எஜமான் போனாலும் பயம், வந்தாலும் பயம்" என்று ஆகிவிடும்.

கூண்டில் அடைப்பதும் தப்பு. பழக்கம் இல்லாத நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். குரைத்தால் ஷாக் அடிக்கும் பட்டையும் அப்படித்தான். சத்தம் வேண்டுமானால் அடங்கும். பயம் இரட்டிப்பாகும்.

"துணைக்கு இன்னொரு நாய் வாங்கு" என்பார்கள். தேடுவது மனிதரை என்றால் இன்னொரு நாய் வந்து பயனில்லை. ஒரு நாய் ஊளையிட்ட வீட்டில் இரண்டு நாய் ஊளையிடும்.

நாள் முழுதும் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவது சட்டப்படி குற்றம். தக்க காரணம் இல்லாமல், பசி தாகத்தில் வாடும்படி கைவிடுவதும் குற்றம். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் முதல் குற்றத்துக்கு எழுதிவைத்த அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரைதான்!

மாத்திரை உண்டா?

உண்டு. குளோமிபிரமின் என்ற மருந்துக்கு 1998-ம் ஆண்டிலும், புளுவாக்சிடின் என்ற மருந்துக்கு 2007-ம் ஆண்டிலும், நாய்களின் இந்தப் பயத்துக்குக் கொடுக்க அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. மாத்திரை மட்டும் போதாது, பழக்கமும் சேர வேண்டும் என்பதுதான் அந்த அனுமதியின் சாரம். பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். வீட்டில் பாட்டிக்கு வாங்கிய தூக்க மாத்திரையில் பாதியைப் போடுவது விபரீதம். அளவு தப்பினால் நாய் எழுந்திருக்காது.

எதிர் வீட்டுக்காரரும் மனிதர்தான்

மத்திய அரசின் பிராணிகள் நல வாரியம் 1962-ம் ஆண்டு தொடங்கியபோது, அதன் முதல் தலைவர் கலாசேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். அந்த வாரியம் 2015-ம் ஆண்டு குடியிருப்போர் சங்கங்களுக்கு நெறிமுறை வெளியிட்டது. மெஜாரிட்டி ஓட்டுப் போட்டுக்கூட சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்றது. அதே நெறிமுறையில், ஓயாத குரைப்பு அக்கம் பக்கத்தாருக்குத் தொல்லை, அதை அடக்க வளர்ப்பவர் முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது.

ஆகவே சட்டம் பேசுவதற்கு முன்னால் எதிர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "அண்ணே, நாய்க்கு வைத்தியம் நடக்குது. ரெண்டு மூணு மாசம் பொறுத்துக்கோங்க. எத்தனை மணிக்குக் கத்துதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேளுங்கள். சண்டைக்கு வந்தவரே சாட்சி ஆவார். செல்போன் காட்டாததையும் அவர் காது சொல்லும்.

புதிதாகக் குட்டி வாங்குவோருக்கு ஒரு யோசனை. வந்த முதல் வாரத்தில் இருந்தே, வயிறு நிறைந்து தூக்கம் வரும் நேரமாகப் பார்த்து, அடுத்த அறைக்குப் போய் ஒரு நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள். மறுநாள் 2 நிமிடம். குப்பை கொட்டப் போகும்போதும் பால் வாங்கப் போகும்போதும் குட்டியை விட்டுவிட்டே போங்கள். "போறவங்க வருவாங்க" என்ற பாடத்தைக் குட்டியிலேயே படித்த நாய், பெரிதானதும் பூட்டுச் சத்தம் கேட்டால் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கப் போகும்.