மில் (சொற்பிறப்பு)
மில் என்பது ஆலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். அரைத்தல் எனப் பொருள்படும் 'மோலெரே' என்னும் இலத்தீன் வினையடியாகப் பிறந்த 'மோலினா', பழைய ஆங்கிலத்தில் 'மிலென்' என வழங்கியது. தொடக்கத்தில் இச்சொல் தானியம் அரைக்குமிடத்தைக் குறித்தது. 1086 ஆம் ஆண்டு டூம்ஸ்டே ஏட்டில் இங்கிலாந்தின் 5,000-க்கும் மேற்பட்ட மில்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நீரால் இயங்கியவை.

பின்னர் கம்பளித் துணியை அடித்து இறுக்கவும், மரம் அறுக்கவும், காகிதக்கூழ் செய்யவும் அதே நீர்ச்சக்கரம் பயன்பட்டது. அரைக்கும் வேலை இல்லாத அவ்விடங்களும் மில் என்றே அழைக்கப்பட்டன. 1771 இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் குரோம்ஃபோர்டில் தொடங்கிய நூற்பு மில்லும் நீராற்றலால் இயங்கியதே. நீராவிப்பொறி வந்து நீர்ச்சக்கரம் மறைந்த பின்னும் பெயர் நிலைத்தது.

தமிழில் கரும்பு பிழியும் பொறியைக் குறித்த 'ஆலை' என்னும் சொல்லும் இவ்வாறே பொருள் விரிந்து, இன்று நூற்பாலை, காகித ஆலை என வழங்குகிறது.