குமிழ் இருந்தது, கரண்ட் இல்லை

மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் நம் பிள்ளைகள் யோசிக்காமல் எடிசன் என்பார்கள். அது பாதி விடைதான். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோசப் சுவான் 1879 தொடக்கத்திலேயே கரியிழைக் குமிழை ஒளிரவைத்துக் காட்டிவிட்டார். அதே ஆண்டு ஒக்டோபரில் கரியாக்கிய பருத்தி நூலோடு எடிசன் வெற்றி கண்டபோது, அவர் கணக்குப் பார்த்தது ஒரு முழு நகரத்துக்கு. இழையின் தடை கூடினால் மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் குறைந்தால் மெல்லிய செப்புக் கம்பியே போதும். செம்பு மிச்சமானால்தான் காஸ் விளக்கோடு விலையில் மோதலாம். 1882 செப்டெம்பர் 4 அன்று நியூயோர்க்கின் பேர்ள் வீதி நிலையம் ஓடத் தொடங்குவதற்கு முன், மின்பிறப்பாக்கியிலிருந்து நிலத்தடிக் கம்பி, பியூஸ் வரைக்கும் அவருடைய குழு வடிவமைக்க வேண்டியிருந்தது. அந்தத் தொடர் முழுவதும்தான் கண்டுபிடிப்பு.

இதை யாழ்ப்பாணத்துக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டு மின்சாரம் நின்றபோது, குமிழ்கள் ஹோல்டரில் இருந்தபடியே இருந்தன. டோர்ச் பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. அப்போது பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், கம்பி தாங்கிப் பிடிக்கும் ஒரு சிறு திரி. போத்தலின் கண்ணாடிச் சுவரே காற்றைத் தடுத்துவிடும், தனியாகச் சிமினி வேண்டாம். சுடர் சிறிது, ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கொப்பியின் வரி தெரியும். இன்னொரு பக்கம், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதிகட்டையைக் கையால் சுற்ற, 6 வோல்ற் டைனமோவில் றேடியோ செய்தி சொன்னது. ஒரு மணி நேர வெளிச்சத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று எடிசன் போட்ட அதே கணக்கைத்தான், கைக்கெட்டிய பொருளை வைத்து இங்கே வீட்டுக்கு வீடு போட்டார்கள்.

வறுமையின் கைவேலையை விஞ்ஞானம் என்று கொண்டாடினால் பட்ட துன்பம் மறைந்துபோகும் என்பார்கள் சிலர். நியாயமான பயம்தான். ஆனால் எழுதாமல் விட்டால் துன்பமும் சேர்ந்தே மறையும். எடிசனின் ஆய்வுக் குறிப்பேடுகள் ஆயிரக்கணக்கான பக்கங்களாகக் காப்பகத்தில் இருக்கின்றன. திரி எவ்வளவு தடிப்பு, ஒரு கரண்டி எண்ணெய் எத்தனை மணி நேரம் எரிந்தது என்ற நம் கணக்குகளோ பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நிற்கின்றன. அந்த விளக்கைத் தன் கையால் செய்தவர்களில் பலருக்கு இன்று அறுபது, எழுபது வயது. பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிகளில் எரிமலை மாதிரிகளுக்குக் கிடைக்கும் மேசைகளில் ஒன்றை இதற்குக் கொடுக்கலாம்: மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு விளக்கைச் செய்து, எரியும் நேரத்தையும் ஒளியையும் அளந்து, செய்தவரின் ஊரோடும் ஆண்டோடும் எழுதிவைக்கட்டும். சொல்லித்தர ஆட்கள் இருக்கும்போதே இந்த வேலை நடக்க வேண்டும்.