கை விழுந்தது, தாளம் விழவில்லை!

2023-ம் ஆண்டு மே மாதம் 28-ந்தேதி.

ஐரோப்பாவில் சுலோவேனியா என்று ஒரு சின்ன நாடு. அதன் தலைநகரம் லியுப்லியானா. அங்குள்ள பெரிய அரங்கத்தில் ரசிகர்கள் கூட்டம் அலைமோதியது.

இங்கிலாந்தைச் சேர்ந்த "அயர்ன் மெய்டன்" என்ற இசைக்குழுவின் கச்சேரி. புதிய உலகச் சுற்றுப்பயணத்தின் முதல் நிகழ்ச்சி.

மேடையின் பின்பக்கத்தில் பெரிதும் சிறிதுமாக டிரம்கள் மலை போலக் குவிந்து இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒருவர் வந்து உட்கார்ந்தார். வயது 70. இன்னும் எட்டு நாளில் 71 பிறக்க இருந்தது.

நான்கு மாதங்களுக்கு முன்பு அவருடைய வலது கை அசையவில்லை. பக்கவாதம்!

இந்தச் செய்தி ரசிகர்களுக்குத் தெரியாது. அவர் குச்சிகளை எடுத்தார். முழக்கம் தொடங்கியது.

அவர்தான் நிக்கோ மெக்பிரெய்ன்.

பாத்திரம் தட்டிய பையன்

நிக்கோ 1952-ம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் மைக்கேல். சிறு வயதில் அவரிடம் ஒரு கரடி பொம்மை இருந்தது. அதன் பெயர் நிக்கோலஸ். அந்தப் பெயரே சுருங்கி, "நிக்கோ" என்று அவருக்கு ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவில் ஜோ மொரெல்லோ என்று ஒரு டிரம் மேதை இருந்தார். சுமார் 10 வயதில் அவருடைய வாசிப்பைப் பார்த்த நிக்கோ சொக்கிப்போனார். அன்று முதல் வீட்டுப் பாத்திரங்களுக்கு நிம்மதி போயிற்று. தடதட என்று ஒரே சத்தம்! கடைசியில் பெற்றோர் ஒரு டிரம் செட் வாங்கிக் கொடுத்தார்கள்.

1982-ம் ஆண்டு முடிவில் அவர் "அயர்ன் மெய்டன்" குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு 2007-ம் ஆண்டு மார்ச் மாதம் பெங்களூருக்கு வந்து கச்சேரி நடத்தியது. அன்றும் டிரம் வாசித்தவர் இவரே.

உலோக இசை

இந்தக் குழு பாடுவது "மெட்டல்" இசை. மெட்டல் என்றால் உலோகம். 1970-ம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் உருவானது. மின்சார கித்தார்கள் இடி போல உறுமும். பாடகர் உச்சக் குரலில் பாடுவார். இத்தனைக்கும் அடியில் டிரம் ஓடிக்கொண்டே இருக்கும். கித்தார்காரர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் பலருக்குத் தெரியாது. டிரம் தடுமாறினால் பாட்டே சரிந்து விழும்.

இரண்டு கைகளும், இரண்டு கால்களும் தனித்தனியாக வேலை செய்யவேண்டும். அதுவும் சுமார் இரண்டு மணி நேரம்!

இது எவ்வளவு கடினமான வேலை என்பதை இங்கிலாந்தில் விஞ்ஞானிகள் அளந்து பார்த்தார்கள். கிளெம் பர்க் என்ற ராக் இசை டிரம் கலைஞர் அதற்கு உடன்பட்டார். வாசிக்கும்போது அவருடைய இருதயம் நிமிடத்துக்கு 140 முதல் 150 தடவை துடித்தது. சில கட்டங்களில் 190-ஐத் தொட்டது! விளையாட்டு வீரர்களுக்குச் சமமான உழைப்பு இது என்று அவர்கள் கூறினார்கள்.

ரப்பர் பலகை

விளையாட்டு வீரர் பயிற்சி இல்லாமல் மைதானத்தில் இறங்குவாரா? டிரம் கலைஞரும் அப்படித்தான்.

பல வாரங்களுக்கு முன்பே பாடல்களின் பட்டியல் தயாராகிவிடும். ஒவ்வொரு பாட்டும் எங்கே தொடங்குகிறது, எங்கே வேகம் மாறுகிறது, எங்கே சட்டென்று நிற்கிறது என்று மனப்பாடம் செய்யவேண்டும்.

டிரம்மை வீட்டில் ஓயாமல் அடித்தால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அதனால் ரப்பர் பதித்த ஒரு சிறு பலகை வைத்திருப்பார்கள். அதில் அடித்தால் அதிகச் சத்தம் வராது. குச்சி மட்டும் துள்ளும்.

"வலது, இடது, வலது, வலது. இடது, வலது, இடது, இடது." இப்படி மாற்றி மாற்றி அடிக்கவேண்டும். "டிக், டிக்" என்று தாளம் காட்டும் மெட்ரோனோம் என்ற கருவி பக்கத்தில் இருக்கும். முதலில் மிக மெதுவாக அடிப்பார்கள். தவறு இல்லாமல் வந்த பிறகுதான் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள். மெதுவாகச் சரியாக அடிக்கத் தெரியாதவருக்கு வேகம் வராது.

கைக்கு மட்டும் அல்ல, காலுக்கும் பயிற்சி உண்டு. தரையில் நிற்கும் பெரிய டிரம்மைக் காலால் மிதிக்கும் மிதிகட்டையால்தான் அடிக்கவேண்டும். மெட்டல் கலைஞர்களில் பலர் இரண்டு மிதிகட்டைகள் வைத்து, இரண்டு கால்களாலும் மாற்றி மாற்றி மிதிப்பார்கள். நிக்கோ வைத்திருப்பது ஒரே மிதிகட்டை. பெரும்பாலும் வெறுங்காலோடுதான் வாசிப்பார். மற்றவர்கள் இரண்டு காலால் செய்வதை இவர் ஒற்றைக் காலால் செய்கிறாரே என்று ரசிகர்கள் வியப்பார்கள்.

மேடையில் ஏற்பாடு

கச்சேரிக்கு முன்பு மிருதங்க வித்துவான் கல்லாலும், கட்டையாலும் ஓரத்தைத் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் பலரும் பார்த்து இருக்கலாம். டிரம்முக்கும் அது உண்டு. விளிம்பைச் சுற்றி உள்ள திருகுகளைச் சாவி போன்ற கருவியால் இறுக்கியும், தளர்த்தியும் ஓசையைச் சரி செய்வார்கள். தேய்ந்த தோலை மாற்றுவார்கள். தோல் என்பது பெயருக்குத்தான். இப்போது அது பெரும்பாலும் பிளாஸ்டிக்!

இதைக் கவனிப்பதற்கு என்றே ஓர் உதவியாளர் இருப்பார். மேடையில் முதலில் ஒரு கம்பளத்தை விரிப்பார். உதையில் டிரம் நழுவாமல் இருக்க இந்த ஏற்பாடு. கம்பளத்தின் மேல் ஒட்டு நாடாவால் அடையாளம் போட்டு இருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் ஒவ்வொரு டிரம்மும், தாளத் தட்டும் அதே இடத்தில் நிற்கவேண்டும். ஓர் அங்குலம் தள்ளிப்போனாலும் இருட்டில் கை ஏமாந்துவிடும்.

குச்சி உடைவது சாதாரணம். அதனால் கை எட்டும் தூரத்தில் புதிய குச்சிகள் கட்டாகத் தயாராக இருக்கும்.

கடைசி ஒரு மணி நேரம்

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மேடை ஏறக்கூடாது. சாப்பாடு முன்பே முடிந்துவிடும். வியர்வை ஆறாகப் பெருகும் என்பதால் தண்ணீர் மட்டும் அடிக்கடி குடிப்பார்கள்.

பிறகு மணிக்கட்டு, தோள், முதுகு ஆகியவற்றை நீட்டி மடக்குவார்கள். மறுபடியும் ரப்பர் பலகை வரும். மறுபடியும் மெதுவாக "வலது, இடது, வலது, வலது."

ஏன் இந்தப் பாடு? தசை சூடேறாமல் அடித்தால் பயத்தில் குச்சியை இறுகப் பிடிக்கத் தோன்றும். இறுகப் பிடித்தால் முன்கை கல்லாகிவிடும். நாளடைவில் நரம்பும், தசைநாரும் கெட்டுப்போகும். குச்சியைத் தளர்வாகப் பிடித்து, அது துள்ளும் துள்ளலிலேயே அடிப்பதுதான் வித்தை.

கடைசியாகக் காதுக்குக் காப்பு. இல்லாவிட்டால் பல வருட முழக்கத்தில் காது செவிடாகிவிடும்.

ஜனவரியில் விழுந்த இடி

நிக்கோவும் 40 ஆண்டுகளாக இப்படிப் பழகிய கையோடுதான் இருந்தார். 2023-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அந்தக் கை திடீர் என்று விழுந்தது. வலது தோளுக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. தன் வாழ்க்கைத் தொழில் முடிந்தது என்றே அவர் பயந்தார்.

வந்தது சிறிய பக்கவாதம் என்று தெரிந்தது. மனைவியும், குடும்பத்தாரும், டாக்டர்களும் துணை நின்றார்கள். சுமார் 10 வாரங்கள் கடுமையான பயிற்சி சிகிச்சை நடந்தது. 70 சதவீதம் குணம் அடைந்ததாக அவருக்குத் தோன்றியது.

அதற்குள் சுற்றுப்பயணம் வந்துவிட்டது!

இதில் இன்னொரு சோதனையும் இருந்தது. 1986-ம் ஆண்டு வந்த இசைத்தட்டில் மகா அலெக்சாண்டரைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. எட்டு நிமிடத்துக்கும் மேல் நீளும். 37 ஆண்டுகளாக அதை ஒரு தடவைகூட மேடையில் வாசித்தது இல்லை. ரசிகர்கள் கேட்டுக்கேட்டு அலுத்துப்போனார்கள். அந்தப் பாட்டைத்தான் இந்தச் சுற்றுப்பயணத்தில் வாசிப்பது என்று முடிவாகி இருந்தது.

நிக்கோ குச்சியைப் பிடித்தார். தாளம் நின்றது. ஆனால், படுவேகமாக உருட்டி அடிக்கும் அடிகள் வலது கைக்கு வரவில்லை. அந்த உருட்டல்கள்தான் அவருடைய பழைய பெருமை.

அவர் என்ன செய்தார்? வராததைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கவில்லை. அந்த இடங்களில் கைக்கு வரக்கூடிய வேறு அடிகளை அமைத்துக்கொண்டார். முன்பெல்லாம் கையை வேகப்படுத்துவதுதான் அவருக்குப் பயிற்சி. இப்போது கை எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்வதும் பயிற்சி ஆயிற்று.

மே 28-ந்தேதி லியுப்லியானா மேடையில் அலெக்சாண்டர் பாட்டு ஒலித்தது. ரசிகர்கள் கூத்தாடினார்கள். டிரம்முக்குப் பின்னால் நடந்த போராட்டத்தை யாரும் அறியவில்லை. ஆகஸ்டு மாதத்தில் நிக்கோவே அதை வெளியிட்டார். எல்லோரும் திகைத்துப்போனார்கள்.

விடை பெற்றார்

அந்தக் கையோடு அவர் மேலும் ஒன்றரை ஆண்டு ஊர் ஊராக வாசித்தார்.

2024-ம் ஆண்டு டிசம்பர் 7-ந்தேதி, பிரேசில் நாட்டில் உள்ள சாவோ பாலோ நகரில் கச்சேரி. சுற்றுப்பயணங்களில் இருந்து விலகுவதாக அன்றே நிக்கோ அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 72. குழுவில் சேர்ந்து 42 ஆண்டுகள் ஆகி இருந்தன.

அறிவித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை. அன்று இரவும் மேடை ஏறினார். டிரம்களுக்கு நடுவே உட்கார்ந்தார். கடைசிப் பாட்டின் கடைசி அடி வரை வாசித்து முடித்துவிட்டுத்தான் குச்சிகளைக் கீழே வைத்தார்.