சர்க்கரை காத்த சாயங்கள்

திருக்காளத்தி என்றவுடன் நமக்குக் கண்ணப்பரின் அன்பும், வாயுலிங்கமும், பொன்முகலி ஆறும் நினைவுக்கு வரும். இன்று ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த காளஹஸ்திக்கு மற்றொரு பெருமையும் உண்டு. கலம்காரி என்னும் துணி ஓவியமே அது. மூங்கில் எழுதுகோலின் நுனிக்குச் சற்று மேலே கம்பளி நூலைச் சுற்றிச் சாயத்தில் தோய்த்து, இராமாயண, பாரதக் காட்சிகளை அங்குள்ள ஓவியர்கள் துணியில் வரைகின்றனர். கோயில் திரைச்சீலைகளாகத் தோன்றிய கலை இது.

இந்த ஓவியங்களுக்கு வண்ணம் தருபவை அவுரி இலை, சாயவேர், மஞ்சிட்டி, கடுக்காய் முதலியவை. இவற்றில் ஒரு விந்தை உண்டு. அவுரியின் இலை பச்சை. அதில் நீலம் ஒரு துளியும் இல்லை. சாயவேரும் துணியில் காணும் செம்மையைத் தன் மீது காட்டுவதில்லை. நிறம் எங்கே மறைந்திருந்தது? இவ்வினாவுக்கு விடை கூறும் பொருள்களே கிளைக்கோசைடுகள்.

சர்க்கரை மூலக்கூறு ஒன்று வேறொரு பொருளுடன் இணைந்து நிற்கும் கூட்டுப் பொருளுக்குக் கிளைக்கோசைடு என்று பெயர். தாவரம் ஏன் இவ்வாறு இணைக்கிறது? நீரில் கரையாத பொருளும் சர்க்கரையோடு சேர்ந்தால் பெரும்பாலும் கரையும். உயிரணுவுக்குள் அதைச் சேமித்து வைப்பது எளிது. தீங்கு செய்யும் பொருளும் கட்டுண்டு அடங்கிக் கிடக்கும். அக்கட்டை அவிழ்க்கவல்ல நொதியைத் தாவரம் வேறிடத்தில் வைத்திருக்கும். இலை கசங்கினால், வேர் நசுங்கினால், இரண்டும் கலக்கும், சர்க்கரை பிரியும், மறைந்திருந்த பொருள் வெளிப்படும். நாம் உண்ணும் மரவள்ளிக் கிழங்கில் லினமாரின் என்னும் கிளைக்கோசைடு உண்டு. கிழங்கை நசுக்கும்போது அது சிதைந்து ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற நச்சு பிறக்கிறது. கசக்கும் கிழங்கை நம் பெண்டிர் நன்றாக வேகவைத்து நீரை வடித்துவிடுவதன் காரணம் இதுவே.

இனி நீலத்தைப் பார்ப்போம். அவுரி இலையில் இருப்பது இண்டிக்கன். அது குளுக்கோசும் இண்டாக்சில் என்னும் பொருளும் இணைந்த கிளைக்கோசைடு, நிறமற்றது. இலைகளைத் தொட்டி நீரில் ஊறவைத்தால் நொதியால் சர்க்கரை பிரிகிறது. பின்னர் அந்நீரைக் கலக்கி அடிக்கும்போது காற்றிலுள்ள பிராணவாயு சேர்ந்து, இரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் ஒன்றாகி நீலம் பிறக்கிறது. விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளில் இத்தொழில் நெடுங்காலமாக வழங்கி வருவது.

செந்நிறத்தின் கதை இதனினும் சுவையானது. இம்பூறல் என்றும் பெயர் பெற்ற சாயவேர் கடலோர மணற்பாங்கான நிலத்தில் விளைவது. இதிலும், ஐரோப்பியரின் மஞ்சிட்டி இனத்திலும் உள்ள கிளைக்கோசைடு ருபெரித்ரிக் அமிலம். குளுக்கோசும் சைலோசும் சேர்ந்த இரட்டைச் சர்க்கரை அதில் அலிசரின் என்னும் சாயத்தைப் பிணைத்து வைத்திருக்கிறது. நொதி வேலை செய்ய வெதுவெதுப்பான நீர் வேண்டும். கொதிநீர் அதனை அழித்துவிடும். ஆகவே வேர்ப்பொடி இட்ட நீரை மெல்ல மெல்லச் சூடேற்றும் சாயக்காரரின் பொறுமைக்குப் பொருள் உண்டு. சர்க்கரை நீங்கினாலும் அலிசரின் தானாகத் துணியில் நிலைப்பதில்லை. படிகார நீரால் வரைந்த இடங்களில் மட்டும் அது அலுமினியத்துடன் சேர்ந்து அழியாச் சிவப்பாகிறது. மற்ற இடங்களில் ஒட்டிய நிறம் ஓடும் நீரில் அலசும்போது போய்விடும். ஆற்றை அடுத்து இக்கலை வளர்ந்ததில் வியப்பில்லை அன்றோ?

கருநிறத்திலும் சர்க்கரைக்குப் பங்கு உண்டு. கடுக்காயின் துவர்ப்புப் பொருள்களில் காலிக் அமிலம் முதலியவை குளுக்கோசுடன் பிணைந்துள்ளன. இப்பிணைப்பு கிளைக்கோசைடினின்று சற்று வேறுபட்டது. கடுக்காயும் எருமைப் பாலும் ஊட்டிய துணியில், இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் புளிக்கவைத்த மையால் கோடு இழுத்தால், இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து கோடு கறுக்கிறது. பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாமல் தடுக்கிறது.

நம் அடுக்களையில் மணம் கூட்டும் கல்பாசியும் இத்தகைய கலைக்கு உறவுடையதே. அது லைக்கன் இனத்தைச் சேர்ந்தது. பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர். பாசி சூரிய ஒளியால் உணவு சமைத்துப் பூஞ்சைக்கும் ஊட்டுகிறது. சில லைக்கன்களை அம்மோனியாவிலும் காற்றிலும் ஊறவைத்தே மேனாட்டார் ஆர்ச்சில் என்னும் ஊதாச் சாயத்தைப் பெற்றனர். பள்ளி மாணவர் அறிந்த லிட்மஸ் தாளின் சாயமும் இவ்வழி வந்ததே. அங்கு நிறத்தை மறைப்பது பெரும்பாலும் சர்க்கரைப் பிணைப்பன்று. அமிலங்கள் ஒன்றோடொன்று கொண்ட பிணைப்பு. எனினும் கொலிமா என்னும் கூழ் போன்ற லைக்கனில் மைகோஸ்போரின் கிளைக்கோசைடு காணப்பட்டிருக்கிறது. அது புறஊதாக் கதிரைத் தாங்கும் குடை போன்றது.

1868-இல் கிரேபே, லீபர்மன் என்ற ஜெர்மானியர் இருவர் தார் எண்ணெயிலிருந்து கிடைக்கும் ஆந்த்ரசீனைக் கொண்டு அலிசரினை ஆக்கினர். 1897-இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. மலிவும் விரைவும் வென்றன. டச்சுக்காரர் காலத்தில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் அரசு உரிமையாக விளங்கிய சாயவேர் பின்னர் மதிப்பிழந்தது. அவுரி வயல்களும் சுருங்கின. காளஹஸ்தியிலும் கலம்காரி அருகி வந்த வேளையில், கமலாதேவி சட்டோபாத்யாயரின் முயற்சியால் 1957-இல் அங்கே பயிற்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. கலை மீண்டும் தழைத்தது. அவ்வூர்க் கலைஞர் குருப்ப செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தொழிற்சாலை தந்த அலிசரினும் வேர் தந்த அலிசரினும் மூலக்கூற்றளவில் ஒன்றே. ஆயின் வேரில் அதனுடன் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் துணியில் தோன்றும் சாயல் வேறாகிறது. இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எந்த நிலத்து வேர், எத்துணை நாள் ஊறல், எவ்வளவு சூடு என்பவை ஏட்டில் முழுதும் எழுதப்படாதவை. கையிலிருந்து கைக்குச் செல்பவை. வேரை அகழ்வோர் இல்லையாயின் அவ்வறிவும் ஒரு தலைமுறையில் மறையும். சர்க்கரைப் பிணைப்பை அவிழ்க்கும் வழியை இரசாயனம் நமக்கு விளக்கிவிட்டது. அதனை முதலில் கண்டறிந்த கைகளுக்கு வேலை கொடுப்பது நம் கடமை.