உஷார்! ஊசி போடத் தெரிந்தவரெல்லாம் மிட்வைப் இல்லை

வயிற்றில் பிள்ளையோடு மலைக்குப் போய் வருகிற தங்கச்சிமாரே, கொஞ்சம் நில்லுங்கள். வீட்டில் மகளோ மருமகளோ மாசமாக இருந்தால் நீங்களும் நில்லுங்கள் அம்மா. இதைப் படித்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

உங்கள் வயிற்றில் கை வைக்கிறவர் யார்? அவருடைய பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா?

கேட்கவில்லையென்றால் இது உங்களுக்காகத்தான்.

ஒரு மழை இரவில் நடந்தது

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். மேல் டிவிஷனில் கடைசி லயம். அங்கே ஒரு பெண்பிள்ளைக்கு இரண்டாவது பிரசவம். கிளினிக் கார்டு ஒழுங்காக இருந்தது. ஆஸ்பத்திரியில் சேரச் சொன்ன தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

இரவில் இடுப்பு வலி எடுத்தது. வெளியே கொட்டுகிற மழை. மாமியார் பயந்துபோய் கீழ் லயத்து அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். டவுனில் ஒரு தனியார் மருந்தகத்தில் சில வருஷம் உதவிக்கு நின்றவர் அவர். ஊசி போடுவார், காய்ச்சலுக்குக் குளிசை கொடுப்பார். லயத்தில் எல்லாரும் அவரை "மிட்வைப் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இந்த மழையில எங்க போறது? அங்க போனாலும் பாஷை தெரியாம நிக்கணும். ஒரு ஊசி போட்டா விடியறதுக்குள்ள பிள்ளை கையில."

காசு கை மாறியது. ஊசியும் ஏறியது.

அதற்குப் பிறகு வலி விட்டு விட்டு வரவில்லை. இடைவெளியே இல்லாமல் இறுக்கியது. பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது, உடனே அழவில்லை. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. "அழுக்கு ரத்தம்தான், போகட்டும்" என்றார் அந்த அக்கா. அந்த ஒரு வார்த்தையில் ஒரு மணித்தியாலம் போனது. கடைசியில் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டாக்டர்மார் உயிரைக் காப்பாற்றினார்கள். கர்ப்பப்பையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் குழந்தைக்கு இன்றைக்கும் கழுத்து நிற்கவில்லை.

"என்ன ஊசி போட்டீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மருந்துக் குப்பியைத் தேயிலைச் செடிக்குள் எறிந்துவிட்டிருந்தார்கள்.

அந்த அக்கா கெட்டவர் இல்லை. உதவி செய்யத்தான் வந்தார். நல்ல மனது இருந்தால் போதாது. படிப்பு வேண்டும். பதிவு வேண்டும்.

"வலி ஊசி" விளையாட்டில்லை!

வலி வரவைக்கிற மருந்தின் பெயர் ஒக்சிடோசின். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதை ஆஸ்பத்திரியில் சேலைனில் கலந்து, சொட்டுச் சொட்டாக, பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். துடிப்பு இறங்கினால் உடனே நிறுத்திவிடலாம். சதையில் ஒரேயடியாகப் போட்ட ஊசியை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. கர்ப்பப்பை ஓயாமல் இறுகும். பிள்ளைக்கு மூச்சு முட்டும். கர்ப்பப்பை கிழிந்தும் போகலாம்.

பிள்ளை பிறந்த பிறகு, இரத்தப்போக்கைத் தடுக்க இதே மருந்தைச் சதையில் போடுவார்கள். முன்னால் போட்டால் ஆபத்து, பின்னால் போட்டால் காப்பு. இந்த வித்தியாசம் தெரிந்தவர்தான் மிட்வைப். இந்த மருந்தைக் குளிரில் வைக்கவும் வேண்டும். புடைவைப் பெட்டிக்குள் கிடந்த குப்பியில் என்ன வீரியம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் மிட்வைப் என்கிற மருத்துவமாதுக்களைப் பதிவு செய்வது இலங்கை மருத்துவச் சபை. 1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்படி டாக்டர்மாரைப் போலவே அவர்களுக்கும் தனிப் பதிவேடு உண்டு. நம் வீடு தேடி வருகிற குடும்பநல மருத்துவமாது சும்மா வந்தவர் இல்லை. 18 மாதம் படித்தவர். அதில் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில், மீதி ஊருக்குள் பயிற்சி. தவறு செய்தால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குகிற அதிகாரம் சபைக்கு இருக்கிறது.

இங்கிலாந்தில் 1902 இலேயே இதற்குச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1926 இல் வந்தது. ஏன் இத்தனை கண்டிப்பு? 1940 களின் முற்பாதியில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் செத்துப்போனார்கள். இன்றைக்கு அது சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவமாதுக்கள் நாடெங்கும் வீடு வீடாக ஏறி இறங்கியதில் கிடைத்த பலன் அது. அந்தப் பலனை ஒரு ஊசியில் தொலைத்துவிடாதீர்கள்!

நம் பழைய மருத்துவச்சிப் பாட்டிமாரை நான் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் நம்மையெல்லாம் கையில் ஏந்தியவர்கள் அவர்கள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவட்டும், தைரியம் சொல்லட்டும். வயிற்றை அமுக்க வேண்டாம், ஊசிக்கும் மருந்துக்கும் கை நீட்ட வேண்டாம்.

தோட்டத்து ஆளோ அரசாங்கத்து ஆளோ, சம்பளம் யார் கொடுத்தாலும் சரி. பிரசவம் பார்க்கிறவருக்குப் பதிவு இருக்க வேண்டும்.

இப்படி ஒருவர் வந்தால் உஷார்!

• பதிவு இலக்கத்தைக் கேட்டால் கோபப்படுகிறார், பேச்சை மாற்றுகிறார்.

• "கிளினிக் எதுக்கு, நான் பாத்துக்கிறேன்" என்கிறார்.

• வலியைச் சீக்கிரமாக்க ஊசி போடுவதாகச் சொல்கிறார்.

• மருந்தின் பெயரைச் சொல்லமாட்டார், குப்பியைக் காட்டமாட்டார்.

• கார்டில் எதையும் எழுதமாட்டார்.

• வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளுகிறார்.

• காசை முதலில் கேட்கிறார்.

இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் போதும். கையை எடுக்கச் சொல்லுங்கள்!

உடம்பு சொல்கிற எச்சரிக்கை

இரத்தம் படுவது. பன்னீர்க்குடம் உடைவது. தாங்கமுடியாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது. வலிப்பு. காய்ச்சல். பிள்ளையின் அசைவு குறைவது. பிரசவத்துக்குப் பிறகு துணி மாற்றி மாற்றி நனைவது. "அழுக்கு ரத்தம்" என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். நம் தோட்டங்களில் இரத்தசோகை உள்ள தாய்மார் அதிகம். மற்றவர்கள் தாங்குகிற இரத்த இழப்பை அவர்கள் உடம்பு தாங்காது.

உடனே 1990. சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. வண்டி ஏற முடியாத பாதையா? வண்டி நிற்கிற இடம்வரை தூக்கிக்கொண்டு போக நாலு பேரை இப்போதே சொல்லி வையுங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, உங்களுக்கு எது கிட்ட என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். பாஷைக்குப் பயந்து வீட்டில் நிற்காதீர்கள். தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவரைக் கூட வரச் சொல்லுங்கள். கார்டை நீட்டுங்கள், மீதியைக் கார்டு பேசும்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் பதிவு அங்கேயே தொடங்கிவிடும். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். காகிதம் இல்லாமல் நம் சனம் பட்ட பாடு மறந்துபோகுமா? 1948 இல் குடியுரிமையே பறிபோன சனம் நாம். பிள்ளையின் முதல் காகிதத்தைச் சிக்கலாக்காதீர்கள்.

இன்றைக்கே செய்யுங்கள்

மருத்துவமாது அடுத்த தடவை வரும்போது அவர் பெயரையும் பதிவு இலக்கத்தையும் ஃபோன் நம்பரையும் கேட்டு கார்டின் மேல் எழுதுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உண்மையானவர் சந்தோஷமாகச் சொல்வார். சந்தேகம் வந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள்.

அந்த மழை இரவில் லயத்தில் பத்துப் பேர் கூடி நின்றார்கள். எல்லாரும் அந்தப் பெண்பிள்ளைமேல் பாசமுள்ளவர்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை: "அக்கா, இது என்ன ஊசி?"

நீங்கள் கேளுங்கள். வலி வந்த பிறகு தாயால் கேட்க முடியாது.