எரிந்த மோட்டாரிலிருந்து தொடங்கலாம்

தருமபுரி மாவட்டத்தின் எந்தச் சிற்றூர்ச் சந்திப்பிலும் காயில் கட்டும் பட்டறை ஒன்றாவது இருக்கும். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டார் கூடுதல் நேரம் ஓடுகிறது. மூன்று பேஸில் ஒன்று போனாலும், பயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் கன்டென்சர் மாட்டி ஓட்டிவிடுகிறார்கள். ஒருநாள் புகைகிறது. பட்டறைக்காரர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்ததுமே காரணம் சொல்லிவிடுவார். மூன்று பேஸின் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் சுமை அதிகம். ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸின் காயில் கருகி ஒன்று தப்பியிருந்தாலோ, டெல்டா இணைப்பில் ஒன்று மட்டும் கருகியிருந்தாலோ, ஒரு பேஸ் அறுந்த நிலையில் மோட்டார் ஓடியிருக்கிறது. மும்முனை மின்சாரத்தின் பாதிப் பாடம் அந்தக் கருகல் தடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வகுப்பறையில் அதே மும்முனை மின்சாரம் வேறு வழியாக வருகிறது. முதலில் வரையறை, பிறகு படம், பிறகு சூத்திரம், அப்புறம் ரெக்கார்டு நோட்டில் படியெடுப்பு. நேரம் மிஞ்சினால் கடைசியில் மோட்டார். மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவானாலும், ஐடிஐயானாலும், பாலிடெக்னிக்கானாலும் “பிள்ளைகள் கவனிப்பதே இல்லை” என்ற குறை பொதுவாகக் கேட்கிறது. அந்தக் குறையின் வேர் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. கேள்வி எழுவதற்கு முன்பே விடையைப் பரிமாறினால் யாருக்குப் பசிக்கும்? வேலையை முன்னே வைத்து விதியைப் பின்னே கொண்டுவந்தால், அந்த வேலை யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்படுவதாகவும் இருந்தால், கவனத்தைத் தனியாகக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

இடங்களை எண்ணினோம், மணி நேரத்தை மறந்தோம்

தமிழ்நாட்டுக்குத் தொழிற்கல்வி புதிதல்ல. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்பிரிவுகளும் வந்தன. அதே ஆண்டில், மேல்நிலைக் கல்வியைத் தொழில்மயமாக்குவது பற்றி ஆராய்ந்த தேசியக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், அன்றைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மால்கம் ஆதிசேசையா. ‘செய்யக் கற்றல்’ என்ற பொருள்படும் தலைப்பையே அந்த அறிக்கைக்கு வைத்தார்கள். 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதம் பேரை 1990க்குள்ளும், 25 சதவீதம் பேரை 1995க்குள்ளும் தொழிற்பிரிவுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. அந்த இலக்குகள் எட்டப்படவில்லை. 2022 மார்ச் 1ஆம் தேதி தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் பணியும் நடந்தது. இவை எல்லாம் தேவையானவையே. ஆனால் இத்தனை திட்டங்களும் எத்தனை இடங்கள், எந்தப் பாடப்பிரிவுகள், என்னென்ன இயந்திரங்கள், படிப்பு முடிந்ததும் எங்கே வேலை என்பதைத்தான் பேசின. ஒரு பாடவேளைக்குள் ஆசிரியர் முதலில் எதைக் கையில் எடுக்கிறார் என்பது கணக்கில் வரவில்லை.

தருமபுரிக்கு இந்தக் கேள்வி கூடுதல் அவசரமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதமாக இருந்தபோது, 68.5 சதவீதத்தோடு கடைசி இடத்தில் நின்ற மாவட்டம் இது. வீட்டில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு “நன்றாகப் படித்தால் பின்னால் பலன் வரும்” என்ற வாக்குறுதியை உறுதிப்படுத்திச் சொல்லப் பெரும்பாலும் ஆளில்லை. ஓசூரும் பெங்களூரும் திருப்பூரும் இன்றைக்கே கூலி தருவதாகக் கூப்பிடுகின்றன. நாளைய வேலையைக் காட்டி இன்றைய வகுப்பில் உட்கார வைப்பது அப்படிப்பட்ட மாணவரிடம் அதிக நாள் செல்லாது. இன்றைய வகுப்பிலேயே ஏதாவது ஒன்று நடக்க வேண்டும்.

சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

1985இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இங்கே உதவும். பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் இளநீரும் காய்கறியும் விற்ற ஐந்து பிள்ளைகளை நூனஸ், கராஹர், ஷ்லீமன் ஆகியோர் ஆராய்ந்தார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 சதவீதத்துக்குச் சரியான விடை வந்தது. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. ஐந்து பேரை வைத்து உலகத்தை எடைபோட முடியாதுதான். ஆனால் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் மிகப் பெரிய அளவில் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. அதில் மறுபாதியும் இருந்தது: பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஆக, கையில் இருக்கும் அறிவு தானாகத் தாளுக்கு ஏறுவதில்லை, தாளில் இருப்பதும் தானாகக் கைக்கு இறங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவதுதான் தொழிற்கல்வி ஆசிரியரின் வேலை. நம் வகுப்புகள் தாளில் தொடங்கித் தாளிலேயே முடிவதால் பாலத்துக்கு ஒரு கரைதான் இருக்கிறது.

எந்த வேலையிலிருந்து தொடங்குவது என்பதிலும் நுட்பம் உண்டு. மானுடவியலாளர் ஜீன் லேவ் லைபீரியாவின் தையற்காரர்களிடம் ஒன்றைக் கவனித்தார். சட்டை உருவாகும் வரிசை வேறு, சட்டை தைக்கக் கற்கும் வரிசை வேறு. உருவாகும்போது வெட்டுவது முதல் வேலை. கற்கும்போது அதுதான் கடைசி. நம் ஊர்த் தையல் கடையிலும் புதிய பையன் காஜா எடுத்து, பட்டன் வைத்துத்தான் தொடங்குகிறான். காஜா கோணினால் பிரித்துவிடலாம். வெட்டு கோணினால் துணியே போச்சு. தவறினாலும் அதிகம் நட்டமில்லாத, ஆனால் முழுப் பொருளும் கண்முன் இருக்கும் இடத்தில் மாணவரை நிறுத்துவதே இதன் சாரம். முதல் நாளே காயில் கட்டச் சொல்ல வேண்டியதில்லை. கழற்றிய மோட்டாரில் ஸ்லாட் எண்ணுவது, கம்பியின் கேஜ் பார்ப்பது, எது கருகியது என்று குறிப்பது போதும். “ஏன் இரண்டு மட்டும் கருகின?” என்ற கேள்வி எழுந்த பிறகு கரும்பலகையில் வரும் ஸ்டார் இணைப்புப் படம், அந்தக் கேள்விக்கு விடையாக வருகிறது.

மின்சாரப் பிரிவுக்கு மட்டுமல்ல, மற்றவற்றுக்கும் இந்த மாவட்டமே பாடப்பொருள் தருகிறது. பாலக்கோடு தக்காளி விலை விழும் நாட்களில் செடியிலேயே பழத்தை விட்டுவிடுகிறார்களே, அது ஏன்? பறிகூலி, ஏற்றுகூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் சேர்ந்து பெட்டிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் 90 கிடைத்தால் பறிப்பதே நட்டம். 130 கிடைத்தால், நாற்று முதல் மருந்து வரை போட்ட முதலுக்கு அது போதாவிட்டாலும் பறிப்பதே நல்லது, நட்டம் குறையும். கணக்குப்பதிவியல் பிரிவில் இறுதிநிலை அடக்கவிலையைப் பல பக்கங்களில் விளக்கும் பாடம், இந்த ஒரு முடிவை எடுக்க முயன்ற மாணவருக்கு ஏற்கெனவே பாதி புரிந்திருக்கும். வேளாண் பிரிவுக்குத் தருமபுரி பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. ஒரு குவியலிலிருந்து 100 கூடுகளை எடுத்து, இரட்டைக்கூடும் கறைக்கூடும் எத்தனை என்று பிரித்து, கூட்டின் மொத்த எடையில் ஓட்டின் எடை எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, ஏலத்துக்கு முன்பே விலையை ஊகித்து எழுதலாம். குவியலின் எந்தப் பக்கத்திலிருந்து 100ஐ எடுத்தார்கள் என்பதில் மாதிரியெடுப்பின் பாடம் முழுவதும் இருக்கிறது. ஊகம் சரியா தவறா என்று ஆசிரியர் சொல்ல வேண்டாம், ஏலம் சொல்லிவிடும்.

இது காகிதக் கனவு அல்ல என்பதற்கு மகாராஷ்டிரத்தில் சான்று உண்டு. புனே மாவட்டத்தின் வறண்ட ஊரான பாபலில், உணவு விஞ்ஞானி கல்பாக் 1983இல் விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை வாரத்தில் ஒருநாள் பட்டறை வேலை, மின்சாரம், வேளாண்மை, உணவும் உடல்நலமும் என்று நான்கு துறைகளில் பிள்ளைகள் வேலை கற்றார்கள். ஊர்க்காரர்களுக்கு வேண்டிய பொருள்களையும் சேவைகளையும் கட்டணத்துக்குச் செய்துகொடுத்தார்கள். ஊர்க் கைவினைஞர்களே பயிற்றுநர்கள். மாநிலக் கல்வி வாரியம் இதைப் பாடமாகவே ஏற்றது. வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும் பொருளைச் செய்யும்போது அளவு தவறுவது வெறும் மதிப்பெண் இழப்பாக இருப்பதில்லை.

எதிர்க்கேள்விகள்

முதல் எதிர்ப்பு நம் வரலாற்றிலிருந்து வருகிறது. “பிள்ளைகளைக் கைத்தொழிலுக்குத் திருப்புவதா? இது குலக்கல்வியின் மறுபிறப்பு அல்லவா?” 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். கடும் எதிர்ப்புக்குப் பின் 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்த அச்சம் நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டு இங்கே யாரும் தொழிற்கல்வி பேச முடியாது. ஆனால் அந்தத் திட்டம் எதனால் தவறானது என்பதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். தொழிலைப் பிறப்பு தேர்ந்தெடுத்தது, படிப்பு நேரம் குறைந்தது, மேலே போகும் கதவு அடைபட்டது. இங்கே சொல்லப்படும் முறையில் மாணவரே பிரிவைத் தேர்கிறார். மோட்டாரின் வழியாக இயற்பியலும், தக்காளியின் வழியாகப் பொருளியலும் கூடுகின்றன. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் பொறியியலின் இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். ஒருவகையில், விதி வராமல் வேலையோடு மட்டும் நின்றுவிடும் வகுப்புதான் குலக்கல்விக்கு நெருக்கமானது. ‘பின்னே’ வரும் அந்த விதியை விட்டுவிட்டால் இந்த வாதமே செத்துவிடும்.

இரண்டாவது எதிர்ப்பு கல்வி உளவியலாளர்களுடையது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை, வழிகாட்டல் இல்லாமல் தானே கண்டுபிடிக்கச் சொல்வது புதியவரைத் திணறடிக்கும் என்று வலுவாக வாதிட்டது. அது சரியே. மோட்டாரைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வதை யாரும் பரிந்துரைக்கவில்லை. முதலில் அவர் செய்து காட்டுகிறார், செய்யும்போதே தன் யோசனையை வாய்விட்டுச் சொல்கிறார். அடுத்து மாணவர் செய்யும்போது கூடவே நின்று திருத்துகிறார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுத்துக்கொள்கிறார். நல்ல மேஸ்திரிகள் பலரிடம் பார்க்கக்கூடிய முறைதான். அவர்கள் அதிகம் செய்யாதது யோசனையை வாய்விட்டுச் சொல்வது. பள்ளி அதைச் சேர்க்க வேண்டும்.

நேரமும் கருவியும் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஓய்வுபெற்ற ஆசிரியரின் இடம் நிரப்பப்படாததால் தொழிற்பிரிவே மூடப்படும் சூழலில் இது நியாயமான கோபம். காலிப் பணியிடத்துக்குப் பதிலாக எந்தக் கற்பித்தல் உத்தியும் நிற்க முடியாது. ஆனால் வரிசையை மாற்றுவதற்குக் கூடுதல் பாடவேளை வேண்டாம். எரிந்த மோட்டார் நவீன இயந்திரங்களைப் போல விலை உயர்ந்ததும் அல்ல. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். மின்சாரம் இணைக்காத மோட்டாரில் தொடங்குவதால் ஆபத்தும் இல்லை. மாதம் இருமுறை பட்டறைக்காரர் ஒருவரை மதிப்பூதியம் கொடுத்து அழைத்தால், பாடநூலுக்கும் தெருவுக்கும் இடையே உள்ள தூரம் குறையும்.

உண்மையான முட்டுக்கட்டை தேர்வு. படியெடுத்த ரெக்கார்டு நோட்டுக்கு மதிப்பெண் இருக்கும்வரை, மாணவர் படியெடுக்கத்தான் செய்வார். ஆசிரியர் அதற்குத்தான் நேரம் ஒதுக்குவார். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. செய்முறைத் தேர்வு மேசையில் எரிந்த மோட்டார் ஒன்றை வைக்கட்டும். எது கருகியது, ஏன் கருகியது, மறுபடி எரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று மூன்றே கேள்விகள். மூன்றாவது விடையை, பென்னாகரத்து விவசாயி ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி ஒரு வினாத்தாள் வந்த ஆண்டிலேயே, மோட்டார் தானாக வகுப்பின் முதல் பாடவேளைக்கு வந்துவிடும்.