கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்களா?

"ரெண்டு பிள்ளை பெத்தாச்சே, இனி அது எதுக்கு?" கர்ப்பப்பை ஆபரேஷன் என்ற பேச்சு எழுந்ததும் வீட்டில் முதலில் வரும் வார்த்தை இதுதான். மாமியார் சொல்வார், நாத்தனார் சொல்வார், சில சமயம் மருத்துவரும் சொல்வார். மாதாமாதம் படுகிற பாட்டில் சலித்துப்போன பெண்ணுக்கும் அது நியாயமாகவே தோன்றும். கையெழுத்துப் போட்டுவிடுவார். எதை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். பலருக்குச் சொல்லத் தெரியாது.

15 முதல் 49 வயதுக்குள் உள்ள இந்தியப் பெண்களில் 3.3 சதவீதம் பேர் கர்ப்பப்பை எடுத்தவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இது எட்டு சதவீதத்தைத் தாண்டுகிறது. பாதிப் பேருக்கு மேல் சொன்ன காரணம், அதிக உதிரப்போக்கும் வலியும். அந்தத் தொல்லை பெரும்பாலும் மருந்திலேயே அடங்கக்கூடியது. அதனால்தான் இந்த எண்ணிக்கை உறுத்துகிறது.

எவ்வளவு பட்டால் அதிகம்?

ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் போகும். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்பது மருத்துவக் கணக்கு. வீட்டில் யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பதால் வேறு அடையாளங்களைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறதா? ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள் விழுகின்றனவா? இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? எட்டு நாளைத் தாண்டியும் நிற்கவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் மருத்துவரைப் பார்க்கலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. உதிரப்போக்கைக் கவனிக்காமல் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் மட்டும் சாப்பிட்டு அதைச் சரிசெய்துவிட முடியாது.

எத்தனை நாள் பட்டது, எந்தெந்த நாள் அதிகம், எத்தனை நாப்கின் என்று மூன்று மாதம் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு போங்கள். "ரொம்பப் படுது டாக்டர்" என்று சொல்வதைவிட அந்தக் காலண்டர் அதிகம் பேசும்.

ஸ்கேனில் தெரிந்த 'கட்டி'

பயம் பெரும்பாலும் ஸ்கேன் அறிக்கையிலிருந்துதான் கிளம்புகிறது. 'பல்க்கி யூட்ரஸ்' என்றால் கர்ப்பப்பை சற்றுப் பருத்திருக்கிறது, அவ்வளவுதான். பிள்ளை பெற்றவர்களுக்கு அது சகஜம். 'நபோத்தியன் சிஸ்ட்' என்பது கர்ப்பப்பை வாயில் வரும் சிறு நீர்க்கொப்புளம். அதற்குச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்குக் கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதத்தின் நாளைப் பொறுத்துத் தடிப்பதும் மெலிவதும் இயல்பு. நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் கவலை என்ற அளவு, மாதவிடாய் நின்றுபோன பிறகு ரத்தம் பட்டவர்களுக்கானது. அதை 35 வயதுப் பெண்ணுக்குப் பொருத்திப் பார்ப்பது தவறு.

ஃபைப்ராய்டு எனும் நார்க்கட்டியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கட்டியின் அளவைவிட அது இருக்கும் இடம்தான் முக்கியம். உட்புறச் சவ்வை ஒட்டி வளர்ந்த இரண்டு சென்டிமீட்டர் கட்டி ரத்தத்தைக் கொட்ட வைக்கும். வெளிச்சுவரில் தொங்கும் ஆறு சென்டிமீட்டர் கட்டி ஒரு தொல்லையும் தராமல் கிடக்கும். மாதவிடாய் நின்ற பிறகு இவை பெரும்பாலும் சுருங்கிவிடும். 46, 47 வயதில் தொல்லை தராத நார்க்கட்டி இருக்கும் பெண், கண்காணித்தபடி காத்திருக்கலாம். "விட்டா புத்தா மாறிடும்" என்று பயமுறுத்துகிறார்கள். நார்க்கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது.

வெள்ளைப்படுதலுக்கும் 'கர்ப்பப்பை வாயில் புண்' என்பதற்கும் கர்ப்பப்பையையே எடுத்தவர்கள் உண்டு. இதைக் கேட்கும்போது கோபம்தான் வருகிறது. புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் அதற்குப் பரிசோதனை இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வு 2007-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனையை 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒருமுறை செய்து, தேவையானவர்களுக்குச் சிகிச்சை தந்ததில் கர்ப்பப்பை வாய்ப் புற்றால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சோதனையை நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்துகொள்ளலாம்.

கத்திக்கு முன்னால் வேறு என்னென்ன?

முதலில் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், தைராய்டு. தைராய்டு குறைவால் ரத்தம் கொட்டும் பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் குறையே இல்லாமல் இருக்கலாம். 40, 45 வயதைத் தாண்டியவர்களுக்கு உள்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸி பார்க்க வேண்டும். அந்த முடிவு வருவதற்கு முன்பே ஆபரேஷன் தேதி குறித்தால் ஏன் என்று கேளுங்கள்.

டிரானெக்சாமிக் அமில மாத்திரை, ரத்தம் அதிகம் படும் நாட்களில் மட்டும் சாப்பிடுவது. ஹார்மோன் கிடையாது. உதிரப்போக்கைப் பாதியளவுக்குக் குறைக்கும். ரத்தம் உறைந்து அடைத்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது. அதைவிட வலுவானது, மிரினா போன்ற ஹார்மோன் வளையம். காப்பர்-டி போலவே கர்ப்பப்பைக்குள் வைப்பார்கள். மருந்தை அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கும். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாகப் பட்டு எரிச்சலூட்டும். அந்த நேரத்தில்தான் பலர் 'ஒத்துக்கலை' என்று எடுத்துவிடுகிறார்கள். பொறுத்தால் ஆறு மாதத்துக்குள் உதிரப்போக்கு பத்தில் ஒரு பங்காகக் குறையக்கூடும். ஐந்து வருடமாவது வேலை செய்யும். உட்புறக் கட்டியாக இருந்தால் கர்ப்பப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் கீழ்வழியாகக் கருவி செலுத்தி எடுத்துவிடலாம்.

இவையெல்லாம் ஏன் பலர் காதுக்கு எட்டுவதில்லை? பெரும்பாலான காப்பீடு, அட்மிஷன் போட்டால்தான் பணம் தரும், மாத்திரைக்குத் தராது. ஏழைக் குடும்பத்துக்கு ஆபரேஷன் இலவசமாகவும் மாத்திரை செலவாகவும் தெரிவது இப்படித்தான்.

பீட் மாவட்டத்துக் கரும்புக்காட்டில்

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் பல லட்சம் பேர் கரும்பு வெட்டப் போகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கொய்தா', அதாவது ஓர் அரிவாள். முன்பணமும் கூலியும் இருவருக்கும் சேர்த்துத்தான். மாதவிடாய் என்று ஒருநாள் படுத்தாலும் அபராதம். கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை. 2019-ல் மாநில அரசு அமைத்த குழு அந்த மாவட்டத்தில் விசாரித்த 82 ஆயிரம் பெண்களில் 13 ஆயிரம் பேருக்கு மேல் கர்ப்பப்பை எடுத்தவர்கள். பலர் முப்பதுகளில் இருந்தவர்கள்.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் இந்த ஆபரேஷன் நடந்ததாக மருத்துவர் நரேந்திர குப்தா 2013-ல் உச்ச நீதிமன்றம் போனார். பத்து வருடம் கழித்து, 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு 2022-ல் வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது நீதிமன்றம். மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுவும் அந்த நெறிமுறைகளில் உண்டு.

சினைப்பையையும் சேர்த்தா?

கர்ப்பப்பையை எடுப்பது வேறு, சினைப்பையை எடுப்பது வேறு. ஒப்புதல் படிவத்தில் இரண்டும் ஒரே வரியில் இருக்கலாம். மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் வற்றிப்போகும். உடல் திடீரெனக் கொதித்து வியர்க்கும், தூக்கம் போகும், எலும்பு வேகமாகத் தேயும், இதயநோய் ஆபத்து கூடும். அப்படி எடுத்தே ஆகவேண்டியிருந்தால் ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை தேவையா என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சினைப்பையை விட்டுவைத்தாலும், அதற்குப் போகும் ரத்தத்தில் ஒரு பகுதி கர்ப்பப்பை நாளத்திலிருந்தே வருவதால், மெனோபாஸ் சற்று முன்னதாக வரலாம். சினைக்குழாயை மட்டும் சேர்த்து எடுப்பதில் பொருள் உண்டு. சினைப்பைப் புற்று என்று நாம் சொல்வதில் கணிசமானவை குழாயின் முனையிலிருந்தே தொடங்குகின்றன.

இந்த ஆபரேஷனே கெட்டது என்று சொல்ல வரவில்லை. புற்றுநோய்க்கு, பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போகும்போது, சிறுநீர்ப்பையை அழுத்தும் பெரிய கட்டிக்கு, உள்சவ்வு கர்ப்பப்பைத் தசைக்குள் வளரும் அடினோமயோசிஸ் தரும், மருந்துக்கெல்லாம் அடங்காத வலிக்கு இதுதான் விடுதலை. மாத்திரையும் வளையமும் எனக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று விஷயம் தெரிந்து ஒரு பெண் தானே கேட்டாலும் அது அவர் உரிமை.

எடுத்த பிறகு வாங்க வேண்டிய காகிதங்கள்

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்கத்தில் கர்ப்பப்பை வாய், குழாய், வலது சினைப்பை, இடது சினைப்பை ஒவ்வொன்றும் இருக்கிறதா, எடுக்கப்பட்டதா என்று எழுதியிருக்க வேண்டும். வாயை விட்டுவைத்திருந்தால் புற்றுப் பரிசோதனையைத் தொடர வேண்டும். ஆபரேஷன் ஆயிற்றே என்று விட்டுவிடக் கூடாது. எடுத்த உறுப்பைப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். முடிவு சில நாள் கழித்துத்தான் வரும். தையலைக் காட்டப் போகும் நாளில் அதைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் அறிக்கைகளோடு ஒரே ஃபைலில் வையுங்கள். பிற்காலத்தில் எப்போது ரத்தம் பட்டாலும், ஒரு துளியானாலும், அந்த ஃபைலோடு அதே வாரம் மருத்துவரிடம் போக வேண்டும்.